லயத்து வீட்டு வம்சாவளி: குண்டளைக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஒரு குடும்ப மரம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பட்டா கிடையாது. வம்சாவளி தேடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறு இல்லை. சமவெளி ஊர் என்றால் பட்டா, பத்திரம், அடங்கல் என்று நிலத்தைப் பிடித்துக்கொண்டே நாலு தலைமுறை மேலே போய்விடலாம். மூணாற்றுப் பக்கம் குண்டளைத் தேயிலைத் தோட்டத்தில் பூட்டன் காலத்திலிருந்து வேலை பார்த்த குடும்பத்துக்கு அப்படி ஒரு பிடிமானமும் இல்லை. வீடு கம்பெனி வீடு, லயம் என்ற வரிசை வீடு. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்துகொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆக, நிலத்தை விட்டுவிட்டு உழைப்பு, சடங்கு, படிப்பு இந்த மூன்றும் விட்டுச்சென்ற காகிதங்களை வைத்து ஒரு குடும்ப மரத்தை எப்படித் தொகுத்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். தேவிகுளம், பீர்மேடு பக்கம் வேர் உள்ள யாருக்காவது பயன்படும்.

வேலையைத் தொடங்கியதற்குக் காரணம் ஏக்கம் எல்லாம் இல்லை, ஒரு சான்றிதழ். சித்தப்பாவின் பேத்திக்குக் கல்லூரியில் சேரப் பட்டியல் சாதிச் சான்று வேண்டியிருந்தது. தமிழகத்திலிருந்து போய் அங்கே தங்கிய குடும்பங்கள் கேரளத்தில் அந்தச் சான்றைப் பெற, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே முன்னோர்கள் அங்கே நிலையாகக் குடியிருந்தார்கள் என்று காட்ட வேண்டும். குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியான நாள் அது. மூணாறு மலையில் இந்தத் தேதியைத் தெரியாத குடும்பமே இருக்காது. தேவிகுளம் தனித்தொகுதி எம்.எல்.ஏ.வின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் ரத்து செய்ததும், 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியதும் இதே கேள்வியைச் சுற்றித்தான்: தாத்தா பாட்டி எப்போது வந்தார்கள், தேவாலயப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது?

பின்னணியை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். மூணாறு அடங்கிய கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து 1877-ல் குத்தகைக்கு எடுத்தார். தென் மாவட்டங்களைத் தாது வருசப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. காப்பி, சின்கோனா எல்லாம் போட்டுப் பார்த்து, 1880-ல் ஷார்ப் என்ற துரை பார்வதி எஸ்டேட்டில் தேயிலையை நட்டார். அப்புறம் கங்காணிகள் என்ற ஆள்சேர்ப்பு மேஸ்திரிகள் திருநெல்வேலிச் சீமையிலும் மதுரைப் பக்கமும் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினார்கள். போடிநாயக்கனூர் வழியாகக் குரங்கணி, கொட்டகுடி, அங்கிருந்து செங்குத்தாக மேலே டாப் ஸ்டேஷன். பண்ட பாத்திரம், கோழி, குழந்தை எல்லாவற்றோடும் ஏறிய பாதை அதுதான். முதல் குடியேறிகள் என்று எங்களைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. முதுவர் பழங்குடியினர் அந்த மலையில் எத்தனையோ தலைமுறைகளாக இருக்கிறார்கள். கீழே மறையூர், காந்தலூர் அடங்கிய அஞ்சுநாட்டில் தமிழ் பேசும் கிராமங்கள் எப்போதோ உண்டாகிவிட்டன. தேயிலைக்காக ஏறிய முதல் அலை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1950-களில் அந்த மலை யாருக்கு என்ற சண்டை வந்தது. தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டை, தெற்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு எல்லாம் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-ல் தெற்குத் தாலுகாக்களும் செங்கோட்டையில் பெரும்பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. மாநில மறுசீரமைப்பு ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே இருக்கும் தமிழர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையானவர்கள் அல்ல என்பது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தொகுக்கத் தொகுக்க என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் பேச்சு. தாத்தாவின் தங்கை ஒருவர்தான் அந்தத் தலைமுறையில் மிச்சம். போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, "உங்க ஐயா எந்த வருசம் மலைக்கு வந்தாங்க?" என்று கேட்டால் எந்தப் பதிலும் வராது. "ஏ ராசா, வருசத்தக் கண்டோம்? வெள்ளத்துக்கு முந்தியே வந்துட்டோம்னு ஐயா சொல்லுவாவ" என்றார். இங்கே வெள்ளம் என்றால் ஒரே வெள்ளம்தான். 1924 ஜூலையில் வந்தது, கொல்லம் ஆண்டு 1099, அதனால் மலையாளிகளுக்குத் தொண்ணூற்றொன்பது வெள்ளம். மூணாறு ஊரையே புரட்டிப் போட்டு, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் தண்டவாளத்தோடு அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்த ரயில் ஓடவே இல்லை. ஆகவே கேள்வியை மாற்றினேன்: "ரயிலைப் பத்தி ஐயா ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?" சொல்லியிருக்கிறார். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி இறக்கி, கீழே கொட்டகுடிக்குக் கயிற்றுத் தொட்டியில் ஏற்றிவிடுவதைப் பார்த்த கதை, ரயில் எஞ்சினின் ஊதல் சத்தத்தை மகளுக்குச் செய்துகாட்டிய கதை. ரயிலைக் கண்ணால் பார்த்தவர் என்றால் 1924 ஆடிக்கு முன்பே மலையில் இருந்திருக்கிறார். பேச்சில் கிடைத்த சேதியை இப்படி ஒரு ஆணியில் மாட்டிவிட்டால் அது பாதி ஆவணம்.

பாதிதான். ரயில் கதையைப் பக்கத்து லயத்தில் கேட்டும் சொல்லியிருக்கலாம். அதனால் மரத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். சம்பவம் நடந்தபோதே எழுதிய காகிதம் பச்சை. பின்னால் எழுதியது மஞ்சள். வாய்ச்சொல் மட்டும் என்றால் சிவப்பு. தொடக்கத்தில் மரம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

அடுத்து வந்ததுதான் புதையல்: தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு. வம்சாவளிக்கு இதைவிட நல்ல ஆவணம் நம் பக்கத்தில் இல்லை என்பேன். யார், எந்த ஊர், என்ன முறை, எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அதுவும் பணம் சம்பந்தப்பட்டது என்பதால் பொய் இருக்காது, நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே. முகப்பில் 'மன்மத வருஷம் தை மாதம்' என்றும், கீழே 'தேவிகுளம் தாலூகா, கோட்டயம் ஜில்லா, திரு-கொச்சி' என்றும் இருந்தது. திரு-கொச்சி என்றால் அன்றைய திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். மன்மத தை என்றால் 1956 ஜனவரி மத்தியிலிருந்து பிப்ரவரி மத்திக்குள். மாநிலம் பிரிய இன்னும் ஒன்பது மாதம் போல இருக்கிறது. மொய் எல்லாம் அணாக் கணக்கு. எட்டணா, ஒரு ரூபாய், எப்போதாவது ஐந்து ரூபாய்.

நோட்டு இருந்த நிலைதான் பரிதாபம். மூணாறு மழைக்கு எந்தக் காகிதமும் தாங்காது. டிரங்குப் பெட்டியின் அடியில் ஓதம் ஏறி, முன்பக்கத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் ஆகியிருந்தன. ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி தின்ற வளைவுகள். யாரோ நல்லெண்ணத்தில் முதுகில் செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள். பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிட்டது. "லேமினேஷன் போட்டுரலாம்" என்று சித்தப்பா சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். பழைய காகிதத்தைச் சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் ஈரமும் பூசணமும் அங்கேயே தங்கி மெல்ல மெல்லத் தின்னும். ரேஷன் கார்டு, பழைய சான்றிதழ் எதுவானாலும் லேமினேஷன் வேண்டாம்.

ஒட்டிய தாள்களைப் பிரித்த விதம் இது. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அடியில் நனைத்துப் பிழிந்த துண்டு, அதன்மேல் இட்லித் தட்டைக் கவிழ்த்து மேடை, மேடைமேல் நோட்டு. ஈரம் நோட்டில் படக்கூடாது, காற்றில் மட்டும் இருக்க வேண்டும். மூடி வைத்து, அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் தாள் விறைப்பு விட்டு நெகிழும். அப்போது ஈர்க்குச்சியை வழவழவென்று சீவி, ஒரு மூலையில் நுழைத்து, இழுக்காமல் உருட்டிக்கொண்டே போனால் தாள்கள் பிரியும். வராத இடத்தில் விட்டுவிட்டு மறுபடி டப்பாவுக்குள். அவசரப்பட்டால் கிழியும்.

இதில் ஒரு கண்டம் உண்டு. அந்தக் காலத்தில் எஸ்டேட் கணக்கெல்லாம் காப்பியிங் பென்சிலில் எழுதுவார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதாவாக மாறி ஓடிவிடும். மொய் எழுதியவர் டிவிஷன் (எஸ்டேட்டின் உட்பிரிவு) ஆபீசில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும், பாதி நோட்டு அந்தப் பென்சில்தான். டப்பாவில் வைக்கும் முன் ஒரு புள்ளியில், பெயரோ தொகையோ இல்லாத இடமாகப் பார்த்து, ஈரப் பஞ்சின் நுனியால் தொட்டுப் பார்த்தேன். ஊதா. அதனால் அந்தப் பக்கங்களுக்கு ஈரக் காற்றே காட்டவில்லை. நிழலில் உலரவிட்டு ஈர்க்குச்சியால் மட்டும் பிரித்தது. இரண்டு தாள் பிரியவே இல்லை, பிரியாமலே இருக்கட்டும்.

பிரித்த தாள்களுக்கு நடுவே பட்டர் பேப்பர், மேலே கனமான பலகை. உலர்ந்ததும் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பூசணத்தைத் தட்டியெடுத்தேன். முகக்கவசம் கட்டாயம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கடைசியில் அட்டைப் பெட்டியில் வைத்து, சுவடி வைத்திருக்கிற வீடுகளில் செய்வதுபோல் துணியில் முடிந்த வசம்புத் துண்டு ஒன்றையும் போட்டு வைத்தேன்.

படம் எடுப்பதற்கு ஸ்கேனர் வேண்டாம். முதுகு ஒடிந்த நோட்டை அதில் கவிழ்த்து அமுக்கினால் அவ்வளவுதான். ஜன்னலோரம் மேசை, பக்கவாட்டில் வரும் வெளிச்சம், செல்போனை ஒரு ஸ்டாண்டில் நேர் மேலே. பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஸ்கேல். வெற்றுப் பக்கம், அட்டை, முதுகு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எடுக்காமல் அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து எடுங்கள். நாளைக்கு யாராவது 'இது இடையில் செருகியது' என்று சொன்னால் அந்த இரண்டு பக்கமும்தான் பேசும். மங்கிய எழுத்துக்கு இரவில் ஒரு வித்தை: விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குப் படுக்க வைத்து அடிப்பது. பென்சில் அமுங்கிய பள்ளங்கள் நிழலாக எழுந்து வரும்.

அப்படி எழுந்து வந்த வரிகளில் முக்கியமானது முதல் வரி. மொய் நோட்டில் முதல் வரி தாய்மாமனுக்கு. தாத்தாவின் தாய்மாமன் என்றால் பூட்டியின் கூடப்பிறந்தவர். பூட்டி எந்த ஊர் என்பது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, அவருடைய அண்ணன் தம்பி எங்கே இருந்தார்கள் என்பதும் தெரியாது. முறையும் தொகையும் நன்றாக இருக்கின்றன. ஊரைத்தான் பூச்சி தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது கடைசி எழுத்து 'ரை' மட்டும். அதற்கு முன்னால் அரை விரல் அளவுக்கு ஓட்டை.

செங்கோட்டைப் பக்கம் புளியரை இருக்கிறது, வடகரை இருக்கிறது. மேலே குண்டளைக்குப் பக்கத்திலேயே செண்டுவாரை எஸ்டேட், மூணாற்றுக்கு அந்தப் பக்கம் பெரியவாரை. நான்குமே 'ரை'. தாய்மாமன் கீழிருந்து மலையேறி வந்து மொய் செய்தாரா, பக்கத்து எஸ்டேட்டிலிருந்து நடந்து வந்தாரா? பூட்டியும் மலையிலேயே வளர்ந்தவரா, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவரா? டார்ச்சை எந்தப் பக்கம் அடித்தும் ஓட்டையில் எழுத்து வராது. மரத்தில் நான்கு ஊரையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

மற்ற வரிகள் இந்தளவுக்குச் சோதிக்கவில்லை. பாதிப் பேர் எஸ்டேட் பெயரோடு: எல்லப்பட்டி, சிட்டிவாரை, மாட்டுப்பட்டி. கால்வாசிப் பேர் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து ஊர்கள். மிச்சப் பேர் போடி, போடிமெட்டு. பஸ் வசதி குறைவான காலத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு லயத்துக் கல்யாணத்துக்கு வந்து எட்டணா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பச்சை நிறம் தேவாலயத்தில் கிடைத்தது. பூட்டனின் மூத்த மகள் கல்யாணத்துக்கு முன் கத்தோலிக்கத்தில் சேர்ந்தவர். மூணாறு கார்மேல் மாதா கோயில் 1898-ல் தொடங்கியது, அந்த மலைகளில் பழைய பங்குத் தேவாலயம் அதுதான். 1941-ல் எழுதிய ஞானஸ்நானப் பதிவின் நகல் ஒன்றைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் தந்தை பெயர், எஸ்டேட், டிவிஷன், சொந்த ஊர்க் கட்டத்தில் செங்கோட்டை. இது மகளைப் பற்றிய ஆவணம்தான், ஆனால் அப்பா 1941-ல் எங்கே வேலையில் இருந்தார் என்பதைச் சம்பந்தமில்லாத ஒருவர் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். நமக்கு வேண்டியது அதுதானே. தாத்தாவைப் பள்ளியில் சேர்த்த பதிவும் கிடைத்தது, அதுவும் நாற்பதுகள்தான். பிறந்த தேதியை மட்டும் அதில் நம்பாதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக வரும்படி வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும். சேர்ந்த தேதி நிஜம்.

எஸ்டேட் செக்ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், எங்கள் ஆட்களைத் தேடுவது வேறு மாதிரிச் சிரமம். பூட்டனுக்குக் குலசாமி பேர். அந்த டிவிஷனில் அதே பேரில் வேறு ஆட்களும் உண்டு. பெண்களுக்கோ 'இன்னார் சம்சாரம்' என்பதுதான் அடையாளம். கொழுந்து கிள்ளியதெல்லாம் பெண்கள், கணக்கில் தலைப்பேர் ஆண்கள். கங்காணி யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும், ஏனென்றால் ஒரே ஊர், ஒரே சொந்தக்காரர்கள் ஒரு கங்காணியின் கீழ் வருவார்கள். இதற்கு நேர்மாறு துரைமார்கள். மூணாறு கிறைஸ்ட் சர்ச் குன்றில் 1894-ல் இறந்த எலினார் நைட்டின் கல்லறை இருக்கிறது. தேவாலயமே அதற்குப் பிறகு, 1910-ல் கட்டத் தொடங்கியதுதான். துரைமார் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் லண்டன் வரை போய்ப் பதிவாகியிருக்கும். எங்கள் பூட்டனைப் புதைத்த இடத்தில் கல் இல்லை, அந்தச் சரிவில் இப்போது யூகலிப்டஸ்.

தேதிகளை ஒரே கணக்குக்குக் கொண்டுவருவதற்கு ஒரு சின்னப் பட்டியல் செய்துகொண்டேன். திருவிதாங்கூர் காகிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி பிறந்ததிலிருந்து மார்கழிப் பாதி வரை 824 கூட்ட வேண்டும், அதன்பின் ஆடி முடிய 825. பெரியவர்கள் பேச்சில் அறுபது வருசப் பெயர் வரும், வெள்ளம் வந்தது ரக்தாட்சி ஆடி. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால், தாது என்றால் 1876-ஆ 1936-ஆ என்று பக்கத்து ஆட்களின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மரத்தை ஏற்றியது கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில். இலவசம், தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டுகிறது, இணையம் இல்லாமல் ஓடும். குடும்பப் பெயர் கட்டம் நமக்குத் தொல்லை. இனிஷியலை அங்கே போட்டால் ஒரே குடும்பம் தலைமுறைக்கு ஒரு பெயரில் சிதறும். காலியாகவே விட்டுவிட்டேன். மாமன் மகள், அக்கா மகள் கல்யாணங்களால் கிளைகள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். படத்தில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், மென்பொருளுக்கு அது பழக்கமில்லாத விஷயம் அல்ல. எனக்கு மிகவும் உதவியது இடங்களுக்கு அது கொடுக்கும் வசதி. ஒரு ஊர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த நாட்டுக்குள், எந்த ஜில்லாவுக்குள் இருந்தது என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். குண்டளைக்குக் கொடுத்தேன்: 1949 ஜூன் வரை திருவிதாங்கூர், 1956 அக்டோபர் வரை திரு-கொச்சி, பிறகு கேரளம். கோட்டயம் ஜில்லா, 1972 ஜனவரி 26 முதல் இடுக்கி. அடுத்துச் செங்கோட்டைக்கு: 1949 ஜூன் வரை திருவிதாங்கூர், 1956 அக்டோபர் வரை திரு-கொச்சி, பிறகு சென்னை மாநிலம், தமிழ்நாடு. திருநெல்வேலி, 2019 நவம்பர் முதல் தென்காசி.

இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பூட்டன் செங்கோட்டையிலிருந்து குண்டளைக்குப் போனபோது ஒரே மகாராஜாவின் ராஜ்யத்துக்குள்தான் இடம் மாறியிருக்கிறார். 1950 ஆகஸ்ட் 10-ல் அவர் பிறந்த ஊரும் வேலை பார்த்த ஊரும் ஒரே மாநிலம். கேரளம் என்ற மாநிலமே அப்போது கிடையாது. 'வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவரா' என்ற கேள்வி அவர் இருந்த நாளில் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. எல்லை பின்னால் வந்து அவர் நடந்த வழியின் குறுக்கே விழுந்திருக்கிறது. கயத்தாற்றிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ போனவர்களுக்கு இந்த வாதம் இல்லை, அவை பிரிட்டிஷ் திருநெல்வேலி. ஒரே லயத்தில் சுவர் தட்டினால் கேட்கும் தூரத்தில் இருந்த இரண்டு குடும்பங்களுக்குச் சட்டத்தின் கண்ணில் இரண்டு வரலாறு. செங்கோட்டைப் பக்கத்து வேர் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சாதிச் சான்றுக்கு இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், ஆனால் விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் குறிப்பாக இதையும் வைத்திருக்கிறோம்.

இனி அந்த 'வந்து போகிறவர்கள்' விஷயம். நிலையாக இருந்தார்கள் என்று காட்டத்தான் நான் காகிதம் சேர்த்தேன். சேர்ந்த காகிதமோ இரண்டையும் சொல்கிறது. பூட்டன் மலையில்தான் இருந்தார், பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள், படித்தார்கள், கல்யாணம் கட்டினார்கள். அதே பூட்டன் வருடா வருடம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். ஒரு மகளுக்குத் தலைப்பிரசவம் செங்கோட்டைப் பக்கத்தில். கடைசிக் காலத்தில் கீழே ஒரு குடிசை போடுவதற்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீதுகூட இருக்கிறது. முப்பது வருடம் ஒரே டிவிஷனில் இருந்தவர் கையில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை என்றால், ஓய்வுக்குப் பின் போவதற்கு ஊரில் ஒரு கூரை வைத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? வந்து போனார்கள் என்பது உண்மைதான். தங்கவிடாத ஏற்பாட்டில் தங்கியவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருக்க முடியும். ஆணையம் அதை ஆட்களின் குணமாக எழுதிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. அதே காலத்தில், 1955-ல், கல்லாறு பக்கம் பட்டம் தாணுப் பிள்ளை அரசின் குடியேற்றத் திட்டத்தில் வந்த மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர்கள் பேரன் பேத்திகளுக்கு வம்சாவளி எழுத ஒரு பட்டயம் (கேரளத்துப் பட்டா) போதும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை, கையில் கிடைத்த மண்ணில் அவர்களும் பாடுபட்டார்கள்.

அதனால் மரத்தில் குடியிருப்பு என்று ஒரே ஒரு வரி போடாமல், ஊருக்குப் போய்வந்ததற்கு ஆதாரம் உள்ளதையெல்லாம் தனித்தனி நிகழ்வாக ஏற்றிவிட்டேன். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு அது இடைஞ்சல் ஆகாதா என்று சித்தப்பாவுக்குக் கவலை. விண்ணப்பத்துக்கு வேண்டியது 1941 பதிவும் பள்ளிப் பதிவும், அவற்றைக் கொடுத்தாயிற்று. மரம் நமக்காக.

பூட்டனின் தம்பி கிளை இன்னும் வெறுமையாக இருக்கிறது. அவர் எதிர்ப்பக்கம் போனவர், சிலோன் தோட்டத்துக்கு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியதா, அங்கேயே தங்கியதா என்பதற்கு இதுவரை ஒரு காகிதமும் கையில் இல்லை. திரும்பியவர்களில் பலரைக் குடியமர்த்திய ரப்பர் தோட்டங்கள் புனலூர்ப் பக்கம் இருக்கின்றன, செங்கோட்டையிலிருந்து மலையைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான். அங்கே விசாரிக்க ஆள் சொல்லியிருக்கிறோம்.

பதிவேடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேவிகுளம் வழக்குக்குப் பிறகு எந்தப் பங்கிலும் பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டத் தயங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள், பென்சில் மட்டும் கையில் இருக்கட்டும். பெயர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்தச் சொல்லாதீர்கள். உள்ளது உள்ளபடி நகல் வாங்கி, வேறுபாட்டைத் தனியாக எழுதிக்கொள்வதுதான் நல்லது. பெயர் மூன்று விதமாக எழுதியிருப்பது பழைய ஆவணத்தில் சகஜம், திருத்திய ஆவணம்தான் சந்தேகம் கிளப்பும். மூணாறு மலையில் உள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து எழுபது பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. லயங்களோடு டிரங்குப் பெட்டிகளும் போயின. இதை நினைத்துத்தான் எங்கள் படங்களின் நகலை மூன்று வீடுகளில், மலையில் ஒன்றும் கீழே இரண்டுமாக வைத்திருக்கிறோம்.

இப்போது மரத்தில் சிவப்பு குறைந்து, பாதிக்கு மேல் மஞ்சளும் பச்சையும். பூட்டி மட்டும் சிவப்பிலேயே நிற்கிறார். தாய்மாமன் வீட்டிலும் கல்யாணம் நடந்திருக்கும், தாத்தா திருப்பி மொய் செய்திருப்பார், அந்த வீட்டு நோட்டின் முகப்பில் ஊர் முழுசாக இருக்கும். அவர்கள் வாரிசுகள் யாராவது கிடைப்பார்களா என்று வடகரையிலும் செண்டுவாரையிலும் சொல்லி வைத்திருக்கிறோம், அடுத்து புளியரைக்குப் போக வேண்டும்.